உப்புச் சுவருக்குப் பசுமைப் புள்ளி

கார்த்திகை 11, திங்கள்

இன்று வீட்டில் நின்றவர்கள்: நான். மகள் ஜசிந்தா, அவளின் கைக்குழந்தை. வீட்டுத்திட்டக் குழுத் தலைவர் மரியநாயகம். மேசன் சூசை. கொழும்பிலிருந்து புள்ளி போட வந்த தம்பி, பெயர் சொல்லவில்லை. மருமகன் கடலுக்கு.

வாடைக்காற்று. காலையில் தூறல்.

புது வீடு சூழலுக்கு எவ்வளவு நல்லது என்று பார்த்துப் புள்ளியாம். யன்னலுக்கு. மழைத்தண்ணீர்த் தொட்டிக்கு. வேம்பை வெட்டாததற்கு. (வெட்டச் சொன்னவரே மரியநாயகம்தான். இன்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.) கிட்டக் கிடைக்கும் சாமானால் கட்டினால் முழுப்புள்ளி. அந்தப் புள்ளிக்காகத்தான், நானாட்டான் பக்கத்து ஆற்றுமணல் தூரம் என்று சொல்லி, பேசாலைக் கடற்கரையில் அள்ளிய மணலில் சுவர் எழுப்பினார்கள். அள்ளிய அன்றே சொன்னேன், நல்ல தண்ணீரில் கழுவுங்கோ, ஒரு மாரியிலாவது நனையவிடுங்கோ என்று. சூசை சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போது சுவர் வியர்க்கிறது. பூச்சு பொருக்குப் பொருக்காக விழுகிறது. நேற்று பிள்ளையைத் தாலாட்டும் ஏணைக்குப் பக்கத்தில். குழந்தை தும்மியது.

தம்பியின் முன்னாலேயே சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். எத்தனை வருடம் கருவாடு போட்டவள், எனக்கு உப்புத் தெரியாதா. ஜசிந்தாவும் வைத்துப் பார்த்தாள். கரிக்கிறது என்றாள்.

தம்பி புள்ளி போடும் போமைத் தாள் தாளாகப் புரட்டினார். "உப்புக்கு இதில இடம் இல்லை, அம்மா."

வீட்டுக்காரி கையெழுத்து வைத்தால் வீடு தேறிவிடும். பிறகு சுவரைத் திருத்த ஒருவரும் வரார். வீடு ஜசிந்தாவின் பெயரில். வைக்காதே என்று கண்ணைக் காட்டினேன். கையெழுத்துக்கு வியாழன் வருவதாகச் சொல்லித் தம்பி போய்விட்டார்.

கார்த்திகை 12, செவ்வாய்

மழை. சூரைக் குழம்பு, புளி கூடிவிட்டது. முழங்கால் வலி.

மரியநாயகம் வந்தார். கதிரை, தேத்தண்ணீர், எல்லா மரியாதையும். ஒரு வீடு தேறாவிட்டால் இரண்டாம் கட்ட வீடுகள் வராதாம்.

"ஒரு சுவருக்காக ஊர் தகரத்துக்குள்ள கிடக்கிறதோ, அக்கா?"

என்னைவிட மூத்தவர். அக்காவாம்.

"உங்கட வீட்டுக்கு எங்க மண் எடுத்தனீங்கள்?" என்றேன்.

தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். அவருக்கு நானாட்டானிலிருந்து ட்ரக்டரில் வந்தது. நான் ஒழுங்கையில் நின்று பார்த்தனான்.

கார்த்திகை 13, புதன்

மழை விடவில்லை. சுவரில் கை வைத்தால் பிசுபிசுப்பு. ஏணையை நடு வீட்டுக்கு மாற்றினேன். ஜசிந்தா விழுந்த பூச்சைக் கூட்டி அள்ளினாள்.

கார்த்திகை 14, வியாழன்

கண்மூடிய என் கணவருடைய ஆண்டுப் பூசை. கோயிலால் திரும்பி வர, வாசலுக்கு மேல் வீடு தேறியதற்குப் பச்சைத் தகடு. இலைப் படம் வேறு. தம்பி வந்து போய்விட்டார். ஜசிந்தா கையெழுத்து வைத்துவிட்டாள்.

ஏன் என்று கேட்டேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மாமியின்ர பேர் ரெண்டாம் கட்டத்தில கிடக்கு. அவ இருக்கிற கொட்டில் ஒழுகுது. அவவும் மனுசிதானே, அம்மா."

மாமி. மருமகனின் தாய். இந்தியாவில், அகதி முகாமில், நானும் ஒழுகும் தகரத்துக்குள் கிடந்து இவளை வளர்த்தவள்தான். எனக்காக ஒருவரும் தங்கள் பிள்ளையை உப்புச் சுவருக்குக் கீழே கிடத்தவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சோறு போட்டு வைத்தாள். தொடவில்லை.

சூசை கூலிக்கு வேலை செய்தவன். மரியநாயகத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். ஜசிந்தாவை மன்னிக்கமாட்டேன்.