படிவத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன்

தொண்டி
ஷவ்வால் பிறை 19

அன்பு மகள் ஜுவைரியாவுக்கு உன் அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை சல்மானும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தை முதல் வரியிலேயே எழுதிவிடுவது வழக்கம், இந்த முறை அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன், ஒவ்வொரு முறையும் நீ சாப்பிட்டாயிற்றா என்று கேட்டதும் சாப்பாட்டைப் பற்றியே பேசி வைத்துவிட்டேன். எதிர்வீட்டு காஜா நவாஸ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை உங்கள் ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

ரமலான் பதினேழில் நான் பள்ளிவாசலில் விழுந்தது நோன்புக் களைப்பால் என்று காஜா உன்னிடம் சொன்னான், நானும் ஆமாம் என்றேன். அது உண்மை இல்லை. உன் அம்மாவுக்குப் புற்றுநோய் வலி முற்றியபோது டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை உனக்கு நினைவிருக்கும், மணி பார்த்துக் கொடுத்து நோட்டில் குறித்துவந்தவன் நான்தான். அவள் மவுத்தான பிறகு இரண்டு அட்டை மிச்சம் இருந்தது. முதுகு வலிக்கிறதே என்று ஒன்று போட்டேன். வலி போனது, அவள் கட்டில் காலியாக இருப்பதும் அன்று அவ்வளவாக உறுத்தவில்லை. அதற்குப் பிறகு முதுகு வலிக்காத நாளிலும் போட்டேன். மூன்று வருஷமாகிறது. ஒரே கடைக்குப் போனால் சந்தேகப்படுவார்கள் என்று தொண்டி, திருவாடானை, தேவிபட்டினம் என்று முறைவைத்து வாங்கினேன், காரங்காட்டுக்குப் படகு பார்க்கப் போனேன் என்று உன்னிடம் சொன்ன நாட்களெல்லாம் அந்த நாட்கள்தான். உன் அம்மாவின் பழைய மருந்துச் சீட்டைத்தான் நீட்டுவேன். ஒரு கடைக்காரர் வீட்டுக்காரம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு என்று கேட்டார், தேவலை என்று சொன்னேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை.

நோன்பு வந்ததும் பகலில் போட முடியவில்லை. நோயாளி நோன்பை விடலாம், எனக்கும் தெரியும், ஆனால் என்ன நோய் என்று யாராவது கேட்டால் எதைச் சொல்வேன். அதனால் பகலில் விட்டதையெல்லாம் நோன்பு திறந்ததும் கஞ்சியோடு சேர்த்துப் போட்டேன். நாற்பது வருஷம் சர்வே ஆபீசில் அளவு எடுத்தவன், கணக்கில் சரியாக இருந்தால் உடம்பிலும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. பதினேழாம் நாள் சற்றுக் கூடுதலாகவே போட்டேன். அன்று இரவு இஷா தொழுகையில் சுஜூதில் தரையில் வைத்த தலையை எடுக்கவில்லையாம். மூச்சு நின்று நின்று வந்ததாம். காஜாதான் காரில் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறான். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கண் விழித்ததும் டாக்டர் கேட்டார், சர்க்கரைக்கு மட்டும் என்றேன். அதற்குள் நர்ஸ் என் சட்டைப்பையில் இருந்த அட்டையை எடுத்து அவர் மேசைமேல் வைத்துவிட்டிருந்தாள். அவர் திட்டவில்லை, காஜாவை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசினார். ஊருக்கு வந்தபோது இந்த வயதிலும் நோன்பை விடாத மனுஷர் என்று பள்ளிவாசலில் என்னைக் காட்டிச் சொன்னார்கள், வீட்டுக்குக் கஞ்சி வந்துகொண்டே இருந்தது. பெருநாள் வரைக்கும் இருந்த பன்னிரண்டு நாளும் நான் ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மருந்தை டாக்டர் படிப்படியாகக் குறைத்துவருகிறார். ராத்திரி கால் இழுக்கிறது, வியர்க்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது, இதெல்லாம் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார். வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரியிலேயே இப்படிப் பழக்கத்தை விட வந்தவர்களுக்கு ஒரு கூட்டம், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். முதல் நாள் என் முறை வந்தபோது ஒரு சொந்தக்காரருக்குத் துணையாக வந்தேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நயினார்கோவில் வேல்சாமி, விவசாயக் கூலி, சாராயத்தால் குடும்பத்தை இழந்தவர். அவர் சிரிக்காமல், “பாய், மொத நா எல்லாரும் இப்பிடித்தேன். நான் எங்க மாட்டுக்கு வைத்தியம் பாக்க வந்தேன்னு சொன்னேன். மனுசாஸ்பத்திரில போயி” என்றார். வட்டமே சிரித்தது, நானும் சிரித்தேன், வீட்டில் சிரித்து ரொம்ப நாளாகிறது. அடுத்த வாரம் உண்மையைச் சொன்னேன். அதற்கு அடுத்த வாரம் பயந்துபோய்ப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிவிட்டேன், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அது வந்து ஐந்து மாதம் ஆகிறது, பீரோவில்தான் இருக்கிறது. பேறுகாலத்துக்கு உன்னோடு இருக்க வேண்டும் என்று நீ கேட்ட நாளிலிருந்தே எனக்கு ஒரே பயம். அந்த மாத்திரையை உங்கள் ஊருக்குள் கொண்டுவந்தால் ஜெயில், கொண்டுவராமல் என்னால் ஒரு நாள் தாங்க முடியாது. உன் அம்மா இல்லாத குறைக்கு அத்தாவாவது வாங்க என்று நீ அழுதபோது நான் அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறக்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன், அம்மா. முழுதாக விட இன்னும் நான்கு மாதமாவது ஆகும் என்கிறார்கள்.

கூட்டம் நடத்தும் மாலதி என்ற பெண் போன வாரம் ஒரு படிவம் கொடுத்தாள். என்னிடம் உண்மையைக் கேட்டு வாங்கக்கூடிய வீட்டு ஆள் ஒருவரின் பெயரை அதில் எழுத வேண்டும். அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன், திருப்பித் தந்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால் இந்த ஊரில் எனக்கு சலாம் சொல்லாதவர் இல்லை, எழுத ஒரு பெயரும் இல்லை. உன்னைக் கேட்காமல் உன் பெயரையும் நம்பரையும் எழுதிவிட்டேன். அவள் உடனே கூப்பிடப் பார்த்தாள், என் மகள் முதலில் என்னிடமிருந்து தெரிந்துகொள்ளட்டும் என்று கெஞ்சி அடுத்த வியாழன் வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். நிறைமாதத்தில் உன்மேல் இதையும் ஏற்றலாமா என்று இந்த வரியைக்கூட நான்கு முறை அடித்தெழுதினேன். உனக்கு முடியாது என்றால் அவளிடம் சொல், பெயரை எடுத்துவிடுவாள், நான் காரணம் கேட்க மாட்டேன், கோபமும் கொள்ள மாட்டேன். மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாடிப்படியில் பிடித்து ஏறு, கனம் தூக்காதே. உனக்குச் சுகப்பிரசவம் ஆகவும், பிறக்கும் பிள்ளைக்கு நீண்ட ஆயுளும் நல்ல குணமும் கிடைக்கவும் ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ செய்கிறேன். தெரியாத நம்பர் வந்தால் நீ எடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் வியாழக்கிழமை, சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஒரு நம்பர் வரும், முடியாது என்று சொல்வதற்காவது அதை எடுத்துவிடு. நான் அப்போது மாலதிக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன்.

உன் துஆவை எதிர்பார்க்கும் அத்தா,
அ. சீனி முகம்மது