மிதிக்காதேயும் வே

இன்று காலை உம்முடைய காரின் கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்தேன். துடைத்த துணியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். கருகல் வாடை இல்லை வே. ஆயில் நல்ல சிவப்பாகவே இருக்கிறது. நேற்று உம் மகளின் கல்யாணத்தில் நடந்ததைக் கேட்டால் என்னை ஏசுவீர். ஏசினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

கப்பலில் எஞ்சின் பார்த்த நீர், உவரிக்குத் திரும்பியதும் அந்தப் பழைய வெளிநாட்டுக் காரை வாங்கினீர். மகளைவிட வயதில் மூத்தது. கியர் தானாக மாறும், தொட்டால் சீறும். "இந்த வயசுல இந்த வேகம் நமக்கு எதுக்குவே?" என்றேன். நீர் கேட்கவா செய்தீர்?

ஒரு மழைக்காலத்தில் கல்லிடைக்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, ஆற்றங்கரைப் பாதைச் சேற்றில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. வயலில் நின்றவர்கள் கூடிவிட்டார்கள். "மிதிங்க அண்ணாச்சி, மிதிங்க!" என்று ஒரே சத்தம். நானும் சேர்ந்து கத்தினேன். நீர் இறங்கி வந்து என்னைத்தான் பிடித்துக்கொண்டீர்.

"அவங்கதான் கத்துதாங்கன்னா நீரும் கத்துதீரே! சக்கரம் சும்மா சுத்துனா உள்ள இருக்க தட்டெல்லாம் சூடாயிரும். சுத்துத சுத்துல டக்குனு தரை பிடிச்சுதுன்னா, அந்த அடி பூரா கியர்பாக்ஸுக்குத்தான். ஒடஞ்சா இதுக்குச் சாமான் எங்கன கிடைக்கும்?"

சொல்லிக்கொண்டே என் தோளில் கிடந்த புதுத் துண்டை உருவி டயருக்கு அடியில் திணித்தீர். தள்ள வந்தவர்களை விலகி நிற்கச் சொன்னீர். முதல் கியரின் முரட்டு இழுப்பு வேண்டாம் என்று லிவரை இரண்டில் வைத்து, காலை வைத்தும் வைக்காமலும் பைய நகர்த்தினீர். கார் வெளியே வந்தது. துண்டுதான் திரும்பி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டீர். "பிள்ளைய கோயிலுக்கு நம்ம கார்லதான் கூட்டிட்டுப் போவணும். நீருதான் ஓட்டணும்வே." அதுவரை அந்தச் சாவியைத் தொடவாவது விட்டிருப்பீரா என்னை?

நேற்று உம் வீட்டுத் தெரு முனை திரும்பியதும் பின்சக்கரம் கடற்கரை மணலில் புதைந்தது. மாதா கோயில் மணி அடிக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள். படகடியில் நின்றவர்கள் ஓடிவந்து, "மிதிங்க அண்ணாச்சி!" என்றார்கள். பாவி நான், மிதித்துவிட்டேன். சக்கரம் உறுமிக்கொண்டு சுற்றியது, மணல் பறந்தது. கியர்பாக்ஸ் இங்கேயே உடைந்துபோனால் நீர் கேட்ட அந்த ஒன்றும் போச்சே வே!

"மாமா, கால எடுங்க." பின்சீட்டிலிருந்து உம் மகள். சத்தம்கூடப் போடவில்லை. "இறங்குங்க, நான் ஓட்டுதேன்."

"கல்யாணப் பொண்ணு ஓட்டுவாளாம்மா?"

"அப்பா இருந்தா உங்கள எப்பவோ இறக்கி விட்டிருப்பாங்க."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். என் தோளைப் பார்த்து, "மாமா, துண்டு!" என்றாள். கல்யாணத்துக்கென்று வாங்கிய சரிகைத் துண்டு. நானே குனிந்து டயருக்கு அடியில் விரித்தேன். தள்ள வந்தவர்களைக் கையசைத்து விலக்கினாள். லிவரை இரண்டில் வைத்தாள். கார் உறுமாமல், குலுங்காமல் மணலை விட்டு ஏறியது. எப்போது வே கற்றுக்கொடுத்தீர்? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீரா?

கோயில்வரை அவளே ஓட்டினாள். நான் பின்சீட்டில் அவளுடைய பூச்செண்டை மடியில் வைத்துக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தேன். தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். வாசலில் நிறுத்தி இறங்கியவள், நீர் செய்வதைப் போலவே பானட்டை இரண்டு தட்டுத் தட்டினாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது வே.

சாயங்காலம் சாவியை அவளிடம் கொடுக்கப் போகிறேன். ஆயில் துடைத்த துணி எது என்று கேட்கவில்லையே நீர்? டயருக்கு அடியில் கிழிந்த அந்தச் சரிகைத் துண்டின் மிச்சம்தான். கார் அவளுக்கு. இந்தத் துண்டை மட்டும் நான் கொடுக்க மாட்டேன்.