இரண்டாம் சரணத்துக்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அன்பு என்று எழுதவே கை வரவில்லை. பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். நீ போனை அணைத்து வைத்திருப்பதால் இதை உன் மனைவிக்கு அனுப்புகிறேன், அவள் உன் கையில் கொடுப்பாள். அவளைத் திட்டாதே. தொண்டையில் கட்டி, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று முந்தாநாள் அவள்தான் அழுதுகொண்டே சொன்னாள். கூடப் பிறந்தவள் மூன்றாம் மனுஷி மாதிரி கடைசியில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நன்றாயிருக்கிறது நியாயம்!

அடுத்தவர் பாட்டையே பாடி அலுத்துவிட்டது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நம் குழுவுக்குச் செய்தி அனுப்பினாயே, அதை நம்பி உன்னை நன்றிகெட்டவன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உனக்குப் பதிலாக ஒரு பல் டாக்டர் கிடைத்தார். நம் குழு பாடும் அந்தப் பழைய பாடகரின் பாட்டெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கிளினிக்கில் ஆள் இல்லாத நேரத்தில் அவர் பாடிப் பழக, குரல் இல்லாமல் வாத்தியத்தை மட்டும் பதிவு செய்து அனுப்பினோம். நான் கீபோர்டு, உன் அத்தான் டிரம்ஸ், கிட்டார்காரர் வழக்கம்போல முறைத்துக்கொண்டு. ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது என்று உன் அத்தானுக்குப் பெருமை வேறு.

மறுநாள் பல் டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஏன் எல்லாரும் நின்றுவிடுகிறீர்கள், அசலில் அப்படி இல்லையே என்று. அச்சு அசல் என்று போஸ்டர் அடிக்கிறவர்கள் நாம், நம்மிடமே! கிட்டார்காரர் சண்டைக்கே போய்விட்டார். அசல் ரெக்கார்டைப் போட்டுக் கேட்டால் டாக்டர் சொன்னதுதான் சரி. அதில் மூச்சு விடக்கூட இடம் கிடையாது. நாங்கள்தான் மூன்று பேரும் ஒன்றுபோல நின்று, யாருக்கோ காத்திருந்துவிட்டுக் கிளம்புகிறோம். எல்லாப் பாட்டிலும் அப்படியே.

நீ இல்லாத அறையில், உனக்காகத்தான் நின்றிருக்கிறோம். எத்தனை மாதமாக உனக்கு மூச்சு வாங்கியதோ, எங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது, மண்டையில் ஏறவில்லை. அப்புறம்தான் உன் வீட்டுக்கு போன் போட்டேன். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அன்றைக்கே உன்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேனே!

உன் அத்தான் டிரம் குச்சியை வீசிவிட்டு எழுந்து போனவர்தான், இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. பல் டாக்டருக்கு வேறு பதிவு செய்து கொடுத்தாகிவிட்டது. நன்றாகவே பாடுகிறார். அவர் மேல் தப்பே இல்லை, இருந்தாலும் கேட்கக் கேட்க எரிச்சலாக வருகிறது.

வெள்ளிக்கிழமை நான் அங்கே இருப்பேன். வர வேண்டாம் என்று யாரிடமும் சொல்லி அனுப்பாதே, கேட்க மாட்டேன். ஆபரேஷன் முடிந்து சில வாரம் நீ வாயே திறக்கக் கூடாதாம். வசதியாகப் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் முதலிலிருந்து இன்னொரு தடவை திட்டப்போகிறேன், பதில் பேசாமல் கேட்டுக்கொண்டு கிட. இனிமேல் நீ பாடாவிட்டால் போகிறது, போ. திட்டு வாங்க எனக்கு ஒரு தம்பி வேண்டும். நல்லபடியாகக் கண்ணைத் திற, ராசா.

ஆறாத கோபத்தோடு,
உன் அக்கா