நீலம் ஏறாத எலும்பு

இன்று காலை அமிலப் புட்டியைத் திறந்தேன். கட்டெறும்பை நசுக்கிய வாசனை குப்பென்று வந்தது. "எறும்புப் புத்துக்குள்ள வேலை பாக்குறோம்டி" என்று மூக்கைப் பொத்திக்கொள்வாய். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போது தோன்றியது. துக்கம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

அன்று இளையாத்தங்குடியில் உன் வீட்டு வாசலில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். "பதினாறு வருசம் கூடவே வேலை பாத்தவ, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே" என்று முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். பஸ் வந்தது, ஏறிக் காரைக்குடிக்கு வந்துவிட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரி லேபில் உன் நாற்காலியில் என் கைப்பையை வைத்தேன்.

நீலம் உன்னுடையது, சிவப்பு என்னுடையது. இந்தப் பங்கு எப்போது பிரிந்தது என்று நினைவில்லை. திசு ஒட்டிய ஸ்லைடை நீ ஹீமட்டாக்சிலின் சாயத்தில் முக்கி, குழாய்த் தண்ணீரில் அலசி, செல்களின் உட்கரு நீலமாகும் வரை பார்த்திருந்து என் பக்கம் நகர்த்துவாய். நான் ஈயோசினில் முக்கி மீதியைச் சிவப்பாக்குவேன். கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் "ஆரத்தி கரைக்கிறியாடி?" என்பாய். இடுப்பு வலி என்று நீ லீவில் போன பிறகுதான் நீலமும் என் கைக்கு வந்தது.

அடுத்து உன் எலும்பே வந்தது. புற்றா என்று பார்க்க இடுப்பிலிருந்து எடுத்த துண்டு, சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. படிவத்தில் உன் பெயர், உன் வயது. வெள்ளிக்கிழமை அமிலத்தில் போட்டேன். சுண்ணாம்பு கரைந்தால்தானே பிளேடு இறங்கும்! அவ்வளவு சின்னத் துண்டுக்கு ஒரு நாள் போதும் என்று எனக்கும் தெரியும். சனிக்கிழமை மதியம் வெளியே எடுத்திருக்க வேண்டும். புட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். எடுத்தால் வெட்ட வேண்டும், வெட்டினால் சாயம் போட வேண்டும், போட்டால் தெரிந்துவிடும். லைட்டை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை எடுத்தபோது துண்டு ரப்பர் மாதிரி வளைந்தது. நீலம் ஏறவே இல்லை. எவ்வளவு நேரம் வைத்தும் உட்கரு வெளுத்தே கிடந்தது. ஈயோசின் மட்டும் ஏறி ஸ்லைடு முழுக்க ஒரே சிவப்பு. டாக்டர் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. மறுபடி எடுக்கச் சொல்லணும்" என்றார். எலும்பு கூடுதலாக ஊறிவிட்டது என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

புதன்கிழமை உன் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு நீ லேபுக்கு வந்தாய். "அந்த ஸ்லைட இங்குட்டுக் குடு" என்று வாங்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தாய். உனக்குத் தெரியாததா?

"சனிக்கிழமை எடுக்கலையா?"

"மறந்துட்டேன்."

"நீ மறக்குற ஆளு இல்லையே."

உன் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றீக ரெண்டு பேரும்?" என்றார்.  ஸ்லைடை என் கையில் திருப்பிக் கொடுத்தாய். "அடுத்ததும் நீதான் போடணும். வேற ஆளு கையில குடுத்த, சண்டைக்கு வருவேன்" என்றாய். மறுபடி இடுப்பில் ஊசி இறக்கினார்கள். வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாயாம். அதை உன் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தள்ளிப்போன அந்தப் பத்து நாளில் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் பிறகு ஒருமுறை சொன்னார். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

இரண்டாவது துண்டை அமிலத்தில் போட்ட நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே இருந்தேன். மணிக்கு ஒருதரம் எடுத்து வளைத்துப் பார்த்தேன். மெல்லிசாக வெட்டினேன். நீலம் போட்டு, அலசி, சிவப்பு போட்டேன். டாக்டர் வருவதற்கு முன்பே நீ வந்துவிட்டாய். உட்கார முடியாமல் நின்றபடியே குனிந்து பார்த்தாய். அதில் என்ன இருந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரிது பெரிதாக, கோணல்மாணலாக, கொத்துக் கொத்தாக நீலம். ஸ்லைடை மெல்ல நகர்த்தி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தாய். பதினாறு வருடமாக எல்லாருடையதையும் அப்படித்தானே பார்ப்பாய்!

பிறகு தலையை நிமிர்த்தி, "நீலம் நல்லாப் புடிச்சிருக்குடி. நான் போட்ட மாதிரியே இருக்கு" என்றாய்.

நீ அப்படி என்னை ஒருநாளும் பாராட்டியதில்லை. உன் வீட்டுக்காரர் கதவருகே நின்று நம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நேரத்தில் அழுகை வரவில்லை, பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. சனிக்கிழமை விஷயத்தை நீயே கண்டுபிடித்துவிட்டாய். இந்தச் சந்தோஷத்தை மட்டும் உன்னிடம் சொல்லவே இல்லை.