கேட்காமல் அனுப்பிய விரிப்புகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, நீயும் அங்கே உடம்பும் மனசுமாக நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேலையில் புதிதாக எட்டுப் பேரை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், அவர்களை எப்படிப் பழக்கி எடுப்பது என்று கேட்டிருந்தாய். ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பேன், இப்போது எனக்கே ஒன்றும் புரியவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் எனக்கு இன்னும் இரண்டு மாதம்தான் வேலை, அடுத்துப் பொறுப்பேற்க ஒருத்தியைத் தயார் செய்யச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருஷமாக நான் பக்கத்திலேயே வைத்துப் பழக்கியது, சுட்டி என்று நாங்கள் கூப்பிடுகிற பெண்ணை. மௌனசாமி என்று நாங்கள் கேலி செய்கிற இன்னொருத்தி மடிப்பு மேசையை விட்டு நகரமாட்டாள், அவளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. போன செவ்வாய் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன், அன்றைக்குப் பார்த்து உலர்த்தும் இயந்திரம் இரண்டும் நின்றுவிட்டன, ஆபரேஷனுக்கான விரிப்புகள் எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். சுட்டி ஏழு தடவை போன் செய்தாள், ஏழு தடவையும் இதைச் செய், அவரைக் கூப்பிடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். மறுநாள் போனால் கதை வேறு. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மௌனசாமி வேறோர் ஆஸ்பத்திரி சலவைக்காரியிடம் பேசி, காலியாக நின்ற ஆம்புலன்ஸில் விரிப்புகளை ஏற்றி அனுப்பி உலர்த்தி வாங்கிவிட்டாள். ஒரு குழந்தையின் ஆபரேஷன் தள்ளிப்போகாமல் நடந்திருக்கிறது.

ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். “உங்களக் கேட்டா நீங்க சொல்றதத்தானக்கா செய்யணும், அதுக்கு நேரம் இல்ல” என்று நிதானமாகச் சொல்லிவிட்டு மடிக்கப் போய்விட்டாள். சுட்டியிடம் போனால் அவள் கண் கலங்குகிறது. “எதுன்னாலும் கேட்டுட்டுச் செய்னு நீங்கதானக்கா சொன்னீங்க.” இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான். அப்படியானால் நான் இரண்டு வருஷமாக உருவாக்கியது யாரை? சரி, மௌனசாமி பெயரையே கொடுப்போம் என்று அவளைக் கேட்டால், ஆளை அதட்டி வேலை வாங்க என்னால் ஆகாது என்கிறாள்.

பெயர் எதுவும் இப்போது தரமாட்டேன் என்று நிர்வாகியிடம் சொல்லிவிட்டு, இந்த வாரம் முழுக்கச் சாமான் அறையில் துணி எண்ணுகிறேன், யாரும் என்னைக் கேட்க முடியாதபடி போனை அலமாரியில் பூட்டிவிட்டேன். நேற்று எட்டிப்பார்த்தேன், சுட்டி மேசைகளையெல்லாம் இடம் மாற்றி, மௌனசாமியிடம் ஏதோ யோசனை கேட்டுக்கொண்டிருந்தாள். என் கண்ணுக்கு எல்லாமே தப்பாகத்தான் பட்டது, ஆனால் வார்டுகளுக்குத் துணி கொண்டுபோகும் வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. அப்படியே திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து துணி எண்ணினேன். எனக்கு வந்தது சந்தோஷமா வருத்தமா என்று இன்னும் பிடிபடவில்லை.

அதனால் உன் எட்டுப் பேரைப் பற்றி நான் என்ன சொல்ல, அவர்கள் முகத்தைப் பார்ப்பவள் நீ. நேரத்துக்குச் சாப்பிடு, கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. தொட்டதெல்லாம் துலங்க எங்கள் ஆசிகள். பதில் எழுதும்போது மறக்காமல், என்னைக் கேட்காமல் நீயாகச் செய்த ஒரு காரியத்தை எழுது.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா