தலைவருக்குத் தைத்த கோட்டு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீ சுகமா என்று நீ ஃபோனில் சொல்லும் 'ம்'மை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, புலம்பல் குறையவில்லை.

உன் அக்கா மகள் வாலு விஷயம் கேள். நம் தெருவுக்கென்று நகராட்சி ஒதுக்கிய பள்ளிக்கூடத்தில் பாதி வருஷம் போயும் கணக்கு வாத்தியார் வரவில்லை. கழித்தல் போடச் சொன்னால் பெண் விரலைப் பார்க்கிறாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நல்ல பள்ளிக்கூடம், அதுவும் நகராட்சியுடையதுதான், இடமும் இருக்கிறது, ஆனால் நாம் இந்தப் பக்கமாம். போன மாதம் நகராட்சித் தலைவர் மைக்கைப் பிடித்து, இனிமேல் பள்ளிகளுக்குள் போட்டி, பெற்றோர் இஷ்டப்பட்ட இடத்தில் சேர்க்கலாம் என்று பெரிய மனசு பண்ணி அறிவித்தார். உன் அக்கா ஓடினாள். மாறுவதற்கு இப்போது படிக்கிற பள்ளியின் தலைமையாசிரியர் சம்மதம் வேண்டுமாம். பிள்ளை போனால் அவருக்கு வரும் மானியம் போகும், எப்படிக் கொடுப்பார்? "உங்க பொண்ண விட்டுட்டு நாங்க எப்படிம்மா இருப்போம்" என்று உருகினாராம்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் நம் தையல் கடைக்குக் கோட்டு தைக்க வந்தார். நான் கழுத்திலிருந்து அளவு நாடாவை எடுக்கவே இல்லை. உங்கள் தெருமுனைத் தையல்காரர்தான் உங்களுக்கு, இங்கே தைப்பதென்றால் அவர் சம்மதம் வாங்கி வாருங்கள் என்றேன். "அந்தாளு தைச்சா ஒரு கை நீளம், ஒரு கை கட்டைம்மா. உடம்பு என்னுது, எங்க தைக்கணும்னு நான்தானே முடிவு பண்ணணும்" என்றார். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன். மனிதருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுவாரமே வாலுவுக்குச் சம்மதம் வந்துவிட்டது. விதி மாறவில்லை, தலைமையாசிரியரின் உருக்கம் மட்டும் எப்படியோ வற்றிவிட்டது. நானும் கோட்டைத் தைத்துக் கொடுத்தேன், தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. ஊருக்கே கொடுத்த உரிமை கடைசியில் தலைவருக்குத் தைக்கிறவளின் பேத்திக்குத்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் மகளும் வாலுவும் பழைய பள்ளியில் ஒரே வகுப்பு. அவள் அம்மா நேற்று வந்து, "நாங்க யார்கிட்டக்கா கேக்கணும்" என்றாள். வெட்கமாக இருக்கிறதடா, ஆனால் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு. வாலுவிடம் பேசும்போது பழையபடி தலைவரைக் கிண்டல் பண்ணாதே, அதற்கு இனி நமக்கு வாய் கிடையாது.

உன் அம்மா