பனிமலையிலிருந்து என்னை இறக்கியவன்

கன்னிசன், கொலராடோ
மார்ச் 16, 1994

அன்புள்ள வெல்டனுக்கு,

அக்கா வாண்டாவும் நானும் நலம். அலாஸ்காவில் உங்கள் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் குளிர் கொஞ்சமாவது குறைந்ததா? என் இடது முழங்கால் மட்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. நம் ட்ராவிஸின் படிப்பைப் பற்றித்தான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்த பிறகு கோபப்படுங்கள்.

மலையடி விடுதியில் அறை எடுக்க நாமென்ன பெரிய முதலாளிகளா, பிள்ளை படிக்கிற ஊரிலேயே தங்கிக்கொண்டு தினமும் பஸ்ஸில் மலைக்குப் போய்ப் பனியில் சறுக்கிவிட்டு வரலாம் என்று இழுத்து வந்தவள் வாண்டாதான். இங்கே வந்து பார்த்தால் எல்லோருக்கும் அதே யோசனை. தெருவில் மாணவர்கள் இருக்கிற வீட்டு வாசலிலெல்லாம் நம் டெக்சஸ் நம்பர் போட்ட கார்! ட்ராவிஸின் வீட்டில் நான்கு பையன்கள், ஒரே குளியலறை. ஈரக் காலுறை நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. தன் அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவன் சோபாவில் படுத்துக்கொண்டான். நான் ஒரு பெரிய பானை நிறைய மாட்டிறைச்சியும் மிளகாயும் போட்டுச் சமைத்தேன். பிள்ளைகள் வழித்து நக்கிவிட்டார்கள்.

தினமும் காலை ஆறு மணிக்கே, “லேப் இருக்கும்மா” என்று கிளம்பிவிடுவான். “பாத்தியாக்கா, அப்பனை உரிச்சு வெச்சிருக்கான்” என்று வாண்டாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். “நீங்க ரெண்டு பேரும் கீழ சின்னச் சரிவிலேயே வெளையாடுங்க, மேல மட்டும் ஏறாதீங்க” என்று அவன் சொன்னபோது, அம்மா மேல் எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனேன். என்னைப் போல ஒரு மக்கு உண்டா!

நேற்று வாண்டா யாரிடமோ வாயளந்துகொண்டே தவறான வரிசையில் நின்றுவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். லிஃப்ட் நாற்காலி எங்களை மலையுச்சியில் கொண்டுபோய்த் தள்ளியது. வாண்டா கண்ணை மூடிக்கொண்டு கீழே சறுக்கிப் போய்விட்டாள். நான் பத்தடி போவதற்குள் விழுந்தேன், முழங்கால் மடங்கிவிட்டது. கீழே பார்த்தால் பாதாளம். தண்ணீர் ஒட்டாதிருக்க மருந்தடித்த ஜீன்ஸ்தான் நான் போட்டிருந்தது, அதுவும் நனைந்து விறைத்துவிட்டது. ஆண்டவரே என்று அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். வழியில் போன ஒருவர் மீட்புக் குழுவுக்குச் சொல்லியிருக்கிறார்.

சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் பனியில் சறுக்கும் படுக்கை வண்டியை இழுத்துக்கொண்டு காற்றாய் வந்து நின்றான். கண்ணாடியை மேலே தூக்கினான். ட்ராவிஸ்!

“அம்மா! மேல வராதன்னு சொன்னேன்ல?”

“அடேய், இன்னிக்கு உனக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சைன்னியே!”

“அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல கால அசைக்காத.”

காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, போர்வை சுற்றி, என்னை வண்டியில் வைத்துப் பிணைத்தான். வழி நெடுக, “பயப்படாதம்மா, நான் புடிச்சிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு குலுக்கல் இல்லை, வெல்டன். வீட்டில் தன் சட்டையைக்கூட மடித்து வைக்காத பிள்ளை! கீழே காத்திருந்த மற்ற மீட்புக்காரர்கள் அவன் பேச்சைக் கேட்டு ஓடி ஓடி வேலை செய்தார்கள். வலியோடு வலியாய் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கீழே வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கிறிஸ்துமஸுக்கே கல்லூரியை விட்டுவிட்டானாம். முதலுதவிப் பயிற்சியை முடித்து ஜனவரியிலிருந்து இந்த வேலை. “என்னைக் கொல்லு, ஆனா அப்பாகிட்ட நீ சொல்லிடாத. நானே நேர்ல சொல்றேன், இத்தன நாளா வாய் வரல” என்றான். ஒரு அறை விட்டேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். மூன்று மாதம் பொய் சொன்னானே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் இந்தப் பிள்ளை இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் பாதியில் விட்ட படிப்பை இவன் முடிப்பான் என்று எத்தனை வருடம் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா? உங்களுக்கு வலிக்கும். எனக்கும் வலித்தது. அந்த வலி விமான நிலையத்தில் வெடிக்க வேண்டாம் என்றுதான் அவனுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

இருபத்தெட்டாம் தேதி அமரில்லோ விமான நிலையத்துக்கு உங்களைக் கூட்டிவர நான் வரமாட்டேன். அவன்தான் வருவான். எட்டு மணி நேரம் கார் ஓட்டி, நேரில் சொல்வதற்காக வருகிறான். இந்தக் கடிதம் வந்ததாகவே காட்டிக்கொள்ளாதீர்கள். அவன் திக்கித் திணறினால் பொறுங்கள், நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் அவன் வாயாலேயே சொல்லி முடிக்கட்டும். அதுவரைக்கும் அவன் தோளில் போட்ட கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் நெல்டா